கீழ்த்தளத்து டிரம்ஸ்

ஜிர்சாங்புயியை நாங்கள் சாங்கி என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் 'ரோமெய்' குழுவின் டிரம்மர் அவள். ஐஸ்வாலில் அப்போது பெண் பாடகிகளுக்குக் குறைவில்லை, டிரம்ஸ் வாசிக்கும் பெண்கள்தான் குறைவு. ஆனாலும் அவள் பெண் என்பதற்காக யாரும் அவளைப் பேசவில்லை. அவளுடைய வலது காலுக்காகப் பேசினார்கள். பெரிய டிரம்மின் மிதியை அவள் மிதித்தால் மேடைக்கு முன்னால் நிற்பவர்களின் நெஞ்சுக்கூட்டில் அந்த அடி போய் விழும். பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசிக்கிற எனக்கு, அந்தக் காலைப் பின்தொடர்ந்து போவதைத் தவிர வேறு வேலையே இருந்ததில்லை.

சம்பாய் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு கச்சேரி முடித்துத் திரும்பி வரும்போது, நாங்கள் வந்த சுமோ ஒரு வளைவில் சறுக்கிச் சரிவில் உருண்டது. எனக்குத் தோள்பட்டை விலகியது. கிட்டார் வாசிக்கும் மிங்காவுக்கு நெற்றியில் தையல். சாங்கிக்கு முதுகெலும்பு. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவள் முதலில் கேட்டது, "டிரம்ஸ் எங்க?" என்று. டிரம்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. கயிற்றில் கட்டியிருந்த கட்டு கூட அவிழவில்லை. அவளுடைய இடுப்புக்குக் கீழேதான் எதுவும் அசையவில்லை.

அண்ணன் ஜாமாவின் வீட்டில்தான் அவள் இருந்தாள். சாலையில் நின்று பார்த்தால் அந்த வீட்டின் தகரக் கூரை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மற்றதெல்லாம் அதற்குக் கீழே, சரிவில் தூண்களை ஊன்றி அடுக்கியது. கடைசித் தளத்தில் விறகும் அரிசி மூட்டையும் போட்டு வைத்திருந்தார்கள். அதில் பாதியைக் காலி செய்து, ஒரு சுவரை இடித்து, சக்கர நாற்காலி உள்ளே போகிற அளவுக்கு ஜாமா குளியலறையைக் கட்டினார். மேல் தளங்களில் அதற்கு இடமில்லை. தச்சு வேலை செய்கிறவர் என்பதால் கதவு, கைப்பிடி எல்லாம் தன் கையாலேயே செய்தார். தங்கை தன் வீட்டில் யாரையும் எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அது நிறைவேறியது. ஆனால் அந்த அறையிலிருந்து சாலைக்கு வருவதற்குச் செங்குத்தான படிகள், மூன்று திருப்பங்கள். ஒரு திருப்பத்தில் ஆள் தலையைக் குனிய வேண்டும்.

முதல் வருஷம் ஞாயிறுதோறும் எங்கள் பேட்டை இளைஞர் சங்கப் பையன்கள் நான்கு பேர் வந்து, அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் சர்ச்சில் இறக்குவார்கள். யாரும் ஒரு தடவை கூட முகம் சுளித்ததில்லை. அதன் பிறகு ஒரு ஞாயிறு அவளுக்குத் தலைவலி. அடுத்த ஞாயிறும் தலைவலி. பையன்கள் புரிந்துகொண்டு வருவதை நிறுத்தினார்கள்.

"ஒரு வார்த்தை சொன்னா வருவாங்களே, சாங்கி," என்றேன்.

"வருவாங்க. அதனாலதான் சொல்லமாட்டேன். மழையில வழுக்கி, மூச்சு வாங்கி, மேல போய் இறக்கிட்டுச் சிரிப்பாங்க பாரு, அந்தச் சிரிப்ப என்னால வாங்கிக்க முடியல. அப்புறம் கிழவிங்க எல்லாம் வந்து என் தலையத் தடவுவாங்க. எனக்கு என்ன, மூணு வயசா?"

அதற்குப் பிறகு அவள் மேலே வரவேயில்லை. பல் வலித்தால் கூட மாத்திரைதான்.

டிரம்ஸை அந்த அறையிலேயே வைத்திருந்தோம். அவளிடமிருந்து அதை எடுத்துப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் ஒத்திகை அங்கேயே நடந்தது. டிரம்ஸுக்கு வேறு பையன்களை வைத்து வாசித்தோம். ஒரு நாள் மிங்கா எங்கிருந்தோ கொஞ்சம் மைக்குகளும், கணினியில் ஒலியை ஏற்றும் ஒரு சின்னப் பெட்டியும் வாங்கி வந்தான். "இங்கயே ரெக்கார்ட் பண்ணிடலாம், சாங்கி. நீ கம்ப்யூட்டரப் பாத்துக்க," என்றான். அவளுக்கு ஒரு வேலை வேண்டும் என்பது அவன் கணக்கு. அது அவளுக்கும் தெரியும்.

முதல் பதிவு படுமோசம். கிட்டார் மைக்கில் கிட்டாரை விட டிரம்ஸ் அதிகம். டிரம்ஸ் மைக்கில் சுவரில் மோதித் திரும்பிய சத்தம். எல்லாவற்றுக்கும் அடியில் மேல்தளத்துப் பிரிட்ஜின் ரீங்காரம். பக்கத்து வீட்டுப் பன்றி வேறு. உருக்கமான காதல் பாட்டு ஒன்றின் நடுவில், பேட்டை ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், நாளைக்குத் தண்ணீர் லாரி வராது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்தப் பதிவைக் கேட்டவர்கள் எல்லாம், "காதலி போனது கூடப் பரவால்ல, தண்ணி லாரி வராததுதான் மனச உலுக்குது," என்று எங்களை ஓட்டினார்கள்.

சாங்கி சிரிக்கவில்லை. அதை முழுக்க உட்கார்ந்து கேட்டாள். மறுநாளே வேலையைத் தொடங்கினாள்.

வெறும் சிமெண்ட் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அடித்தன. பழைய துணிச் சந்தையிலிருந்து பிரிக்காத கட்டாகக் குளிர்காலக் கோட்டுகளை வாங்கி வரச் சொன்னாள். நானும் மிங்காவும் முதுகில் சுமந்து இறக்கினோம். சுவர் முழுக்க ஆணி அடித்து வரிசையாகத் தொங்கவிட்டோம். இருட்டும் நேரத்தில் அறைக்குள் நுழைந்தால் தலையில்லாத ஒரு கூட்டம் சுவரோரமாக நிற்பது போல இருக்கும். ஜாமாவின் மனைவி ரினி சாப்பாடு கொண்டுவரும்போது தரையைப் பார்த்தபடியே வந்து போவாள்.

கிட்டாரின் ஒலிபெருக்கியை விறகறைக்குள் வைத்து, கதவை மூடி, கீழ் இடுக்கு வழியாக ஒயரை இழுத்தோம். டிரம்ஸை முதலில், கிட்டாரைப் பிறகு என்று தனித்தனியாகப் பதிந்தோம். பதிவு நடக்கும்போது பிரிட்ஜை அணைத்தே ஆகவேண்டும். மறுபடி போட மறந்து இறைச்சி ஒரு தடவை கெட்டுப்போனதில் ரினி எங்களோடு ஒரு வாரம் பேசவில்லை.

"கிட்டாரோட இரைச்சலக் குறை, மிங்கா," என்பாள் சாங்கி.

"குறைச்சா ராக் மாதிரியே இல்ல. சர்ச் பாட்டு மாதிரி இருக்கு."

"மேடையில நிக்கிறவனுக்குத்தான் அது பெருசா இருக்கும். இங்க அது வெறும் மணல். பாதியாக்கு. கம்பிய மாத்து. எப்பக் கடைசியா மாத்தின, ஞானஸ்நானத்துக்கா?"

டிரம்ஸுக்காக அவள் செய்ததுதான் பெரிது. தன்னைத் தூக்கித் தரையில் படுக்க வைக்கச் சொல்வாள். கன்னத்தை சிமெண்டில் வைத்துக்கொண்டு, ஒருவரை அடிக்கச் சொல்லி, பெரிய டிரம்முக்கு முன்னால் மைக்கை விரல் அளவு விரல் அளவாக நகர்த்துவாள். உள்ளே ஒரு பழைய போர்வையைச் சுருட்டித் திணித்தாள். தோல்களை மாற்றி, சுற்றியிருக்கும் திருகுகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் தட்டித் தட்டி, எல்லா இடமும் ஒரே குரலில் பேசும்வரை முறுக்குவாள். தூக்கி உட்கார வைத்தால் கன்னத்தில் சிமெண்டின் தடம் இருக்கும்.

ஊர் முழுக்க வாயை மூடும் நாள் ஞாயிறு ஒன்றுதான். கடை இல்லை, வண்டி இல்லை. ஆனால் அன்றைக்கு டிரம்ஸ் அடித்தால் பேட்டையே எழுந்து வரும். வீட்டில் எல்லோரும் சர்ச்சுக்குப் போன பிறகு அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கைத் திறந்து, காலி அறையைக் கேட்பாளாம்.

"என்ன கேக்கும்?" என்றேன்.

"குழாயில தண்ணி இறங்கும். நாற்காலி கிரீச்சுங்கும். அப்புறம் யாரோ மூச்சு விடுவாங்க. முதல்ல பயந்துட்டேன். அப்புறம்தான் அது நான்னு தெரிஞ்சது."

குங்கா வந்து சேர்ந்தது அப்போதுதான். மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறவன், எங்களைவிட ஏழெட்டு வயது இளையவன். நகத்தில் கிரீஸோடு வந்து உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டு வாசித்தான். அவனை வைத்துக்கொள்வது என்று எனக்கும் மிங்காவுக்கும் அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. கொஞ்சம் முந்துவான், கொஞ்சம் பிந்துவான், ஆனால் பாட்டு அவன் கையில் நடந்துபோகும்.

"டேய் குங்கா, டிரம்ஸ அடிக்கிறியா, பன்னிய அடிக்கிறியா?" என்றாள் சாங்கி.

"பன்னின்னா இவ்வளவு நேரம் நின்னு வாங்காது, ஊ சாங்கி," என்றான். மூத்தவர்களை நாங்கள் எல்லோரும் 'ஊ' போட்டுத்தான் கூப்பிடுவோம். ஆனால் குங்கா சொல்லும்போது அதில் ஒரு குழைவு இருக்கும். அவளும் அவனைத் திட்டுவதற்கென்றே காத்திருப்பாள்.

குங்கா வாசித்துப் பதிந்த எங்கள் முதல் பாட்டு சுத்தமாக வந்தது. வீட்டில் பதிந்தது என்று யாரும் நம்பவில்லை. மற்ற குழுக்கள் வர ஆரம்பித்தன. தூரத்து லுங்லே ஊரிலிருந்து கூட ஒரு குழு கிட்டார்களைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கியது. சாங்கியின் பெயர் ஊருக்குள் பரவியது. மேடைக்கு முன்னால் நின்று அவளைக் கேட்டவர்கள் மறந்துபோக, அவளைப் பார்த்தேயிராதவர்கள் அவளைப் பற்றிப் பேசினார்கள்.

ஆனால் அவள் கடுமையாகிக்கொண்டே வந்தாள். 'அழுக்கு' என்பது அவள் வாயிலேயே இருந்தது. விரல் கம்பியில் வழுக்கும் ஓசை அழுக்கு. பாடுகிறவன் மூச்சு இழுப்பது அழுக்கு. நாங்கள் போன பிறகும் கணினியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பாள். ரினி ஒரு நாள் என்னைப் படியில் நிறுத்தி, "திங்கா, அவ சாப்பிடவே மாட்டேங்கறா. திரையையே பாத்துட்டு இருக்கா. நாங்க மேல நடந்தாக்கூட சத்தம்னு திட்டறா. புள்ளைங்க இப்போ குதிகால் தூக்கித்தான் நடக்குதுங்க," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னாள்.

முழு ஆல்பத்துக்கான பாட்டுகளைப் பதிந்து முடித்தபோது, மிங்கா அதன் பிரதியை எங்கள் எல்லோருக்கும் கொடுத்தான். குங்கா அதைப் பட்டறையில், பழுதுக்கு வந்திருந்த ஒரு காரின் நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருக்கிறான். அன்று சாயங்காலமே வந்தான். நானும் மிங்காவும் அங்கே இருந்தோம். உள்ளே வந்தவன் உட்காரவில்லை.

"ஊ சாங்கி, இதுல வாசிச்சது யாரு?"

"ஏன், நீதான்."

"நான் இல்ல. நான் சின்ன டிரம்ம அடிச்சா விளிம்பும் சேந்து அடிபடும். நீயே எத்தன தடவ திட்டியிருக்க. இதுல ஒரு இடத்துலகூட விளிம்பு இல்ல."

சாங்கி நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்வாளோ என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"நான்தான்," என்றாள்.

காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, நாற்காலியில் தன்னை வாரால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு டிரம்மையும் ஒற்றை ஒற்றை அடியாக அடித்துப் பதிந்திருக்கிறாள். மெதுவாக, நடுத்தரமாக, பலமாக. பெரிய டிரம்மைக் குனிந்து கையில் பிடித்த கட்டையால் அடித்திருக்கிறாள். பிறகு கணினியில் குங்காவின் அடிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன்னுடையதை வைத்திருக்கிறாள். எல்லாப் பாட்டிலும்.

"முதல்ல ஒரு அடிதான் மாத்தினேன்," என்றாள். "உன்னது அங்க சரியா விழல. அப்புறம் பக்கத்துல இருந்தது அதோட ஒட்டல. அப்புறம்..." நிறுத்திவிட்டு, "எனக்கு நிறுத்தத் தெரியல, குங்கா," என்றாள்.

"என் பேரப் போட்டிருக்க."

"ஆமா."

"உன் பேரப் போட்டிருந்தா நான் சந்தோஷமா கேட்டிருப்பேன். ஊ சாங்கி மறுபடி வாசிச்சிட்டான்னு பட்டறை முழுக்கக் காட்டியிருப்பேன். என்னக் கூப்பிட்டு உக்கார வச்சு, அடிக்க விட்டு, சிரிச்சுப் பேசிட்டு, நான் போனதும் துடைச்சிருக்க."

அவன் குச்சிகளை எடுத்து பேண்ட்டின் முழங்கால் பைக்குள் செருகிக்கொண்டு படியேறினான். குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிங்கா இரண்டையும் போடச் சொன்னான். குங்கா வாசித்தபடி இருந்ததையும் அவள் மாற்றியதையும் அடுத்தடுத்துக் கேட்டோம். அவளுடையது பிழையில்லாமல் இருந்தது. ஒவ்வொரு அடியும் கண்ணாடி போல. கேட்கக் கேட்க எனக்குக் கழுத்துப் பட்டனைத் திறந்துவிட வேண்டும் போல இருந்தது.

"நல்லாதான் இருக்கு," என்றான் மிங்கா. "ஆனா பாட்டு எங்கயும் போகல, சாங்கி. அங்கயே நிக்குது."

"நான் இருக்கிற மாதிரிதான இருக்கும்," என்றாள் அவள்.

ஆல்பம் அப்படியே நின்றது. அவள் மற்றக் குழுக்களையும் வர வேண்டாம் என்றாள். நான் மட்டும், பாடம் எடுக்கிற பள்ளிக்கூடம் விட்டதும், எப்போதாவது போவேன். டிரம்ஸ் மேல் துணி போர்த்தியிருக்கும். அவள் ஜன்னலோரம் இருப்பாள். அந்த ஜன்னலில் எதிர் மலையின் விளிம்பும் ஓடுகிற மேகமும் தவிர ஒன்றும் தெரியாது. மேகம் இறங்கிவிட்டால் அதுவும் தெரியாது. பால் இல்லாத தேநீரைக் குடித்துவிட்டு நான் படியேறும்போது, வெளியே வந்ததில் என்னையறியாமல் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி எனக்கு வெட்கமாக இருக்கும்.

அந்த வருஷம் மழை நிற்கவில்லை. ஒரு காலையில், வீட்டுக்குக் கீழே சரிவைத் தாங்கி நின்ற தடுப்புச் சுவர் பிளந்திருப்பதை ஜாமா பார்த்தார். அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, அந்த வரிசையில் எல்லா வீடுகளையும் உடனே காலி செய்யச் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் இளைஞர் சங்கத்தைக் கூப்பிட்டார்கள். நானும் ஓடினேன். நான் போய்ச் சேரும்போது குங்கா எனக்கு முன்னால் அந்தப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தான்.

சாங்கி கணினியின் ஒயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நாற்காலி திருப்பத்துல மாட்டும், நேரமில்ல," என்றான் குங்கா. கட்டிலிலிருந்த புவானை எடுத்தான். அம்மாக்கள் குழந்தையை முதுகில் கட்டுவதற்கும் அந்தத் துணிதான். அவள் முன்னால் குனிந்து முதுகைக் காட்டினான். "ஏறு, ஊ சாங்கி."

"டிரம்ஸ எடுங்கடா முதல்ல. நான் அப்புறம்..."

"போன தடவையும் டிரம்ஸுக்கு ஒண்ணும் ஆகல. ஏறு."

நான் அவளைத் தூக்கி அவன் முதுகில் வைத்துக் கட்டினேன். மழைத் தண்ணீர் படிகளில் ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தது. குங்கா ஒரு கையால் சுவரைப் பிடித்து ஏறினான், நான் பின்னால் கணினியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறினேன். தலை குனிய வேண்டிய திருப்பத்தில் அவன் சொல்லாமலேயே அவள் குனிந்தாள்.

"கனமா இருக்கேனா?"

"புல்லட் இன்ஜினவிடக் கொஞ்சம் கம்மி."

அவள் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுதாளா, மழையா என்று எனக்குத் தெரியவில்லை. மேலே சாலையில் எல்லோரும் நனைந்துகொண்டு நின்றார்கள். வருஷக்கணக்கில் அவளைப் பார்க்காதவர்கள். யாரும் தலையைத் தடவவில்லை. அவரவருக்கு அவரவர் பாயும் பாத்திரமும்.

பேட்டை மண்டபத்தில் அத்தனை குடும்பங்களும் தங்கின. பெரிய அண்டாவில் பன்றிக்கறி போட்ட சாவ்ச்சியர் கஞ்சி கொதித்துக்கொண்டே இருந்தது. குழந்தைகள் கத்தின, கிழவர்கள் இருமினார்கள், தகரக் கூரையில் மழை பேச விடாமல் அடித்தது. குங்கா தினமும் பட்டறை முடிந்ததும் வருவான். முதல் சில நாள் அவள் பக்கம் வராமல் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு நாள் தட்டோடு வந்து அவளருகே உட்கார்ந்தான்.

"நான் பண்ணினது தப்பு, குங்கா."

"தெரியும்."

"உன்னோடத நான் அழிக்கல. எல்லாம் இருக்கு."

"அதுவும் தெரியும். நீ ஒரு மூச்சக்கூட எறியமாட்ட, வேற எங்கயாவது போட்டு வச்சிருப்ப." கொஞ்ச நேரம் சாப்பிட்டான். "அந்த மூணாவது பாட்டு மட்டும் உன்னோடதே இருக்கட்டும். உன் பேரப் போடு. அது எனக்குப் பிடிச்சிருந்தது. சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

வீடு விழவில்லை. கம்பிவலையில் கல் அடைத்துப் புதிய தடுப்பு போட்டு, மழை ஓய்ந்ததும் குடும்பங்கள் திரும்பலாம் என்றார்கள். ஜாமா முதல் ஆளாகப் போய்க் கீழ்த்தளத்தைக் கழுவி, வெள்ளையடித்துவிட்டு வந்து தங்கையைக் கூப்பிட்டார்.

"நான் வரல, ஊ ஜாமா," என்றாள்.

அவர் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு முகம் மாறியது. "அந்த பாத்ரூம உனக்காகத்தான் இடிச்சுக் கட்டினேன். என்ன குறை அங்க?"

"ஒரு குறையும் இல்ல. அதான் இத்தன வருஷம் வாயத் திறக்க முடியல. நீ அவ்வளவு நல்லா கட்டியிருந்த."

ஜாமா மண்டபத்தின் வாசலுக்குப் போய் நின்றார். நல்ல மனிதர். அவர் முதுகைப் பார்க்க எங்களால் முடியவில்லை. ரினிதான் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று, "என் சித்தியோட செருப்புக் கடை சும்மாதான கிடக்கு, ரோட்டோட ஒட்டி. பின்னால ஒரு ரூமும் இருக்கு," என்றாள்.

அந்தக் கடையில் மறுபடி சுவரை இடித்து ஒரு குளியலறை கட்ட ஜாமாவுக்குச் சில மாதங்கள் ஆயின. அதுவரை ஒரு வார்த்தை அவளோடு பேசவில்லை. வேலையை மட்டும் செய்தார். பேச்சு பிறகுதான் வந்தது, அதுவும் பழைய மாதிரி இல்லை.

சுவரில் தொங்கிய கோட்டுகள் பூஞ்சை பிடித்துப்போயின. அவற்றை எரித்தோம். கடையில் தொங்கவிட இடமும் இல்லை. வாசலுக்கு வெளியே லாரிகள் கியர் மாற்றி ஏறும். மழை வந்தால் கூரைக்கடியில் கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை, மழை மட்டும்தான். வெளியூர்க் குழுக்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, ஒலி புகாத அறை இருக்கும் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். மழை மாதங்களில் அவளுக்கு வேலையே இருப்பதில்லை. போன் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் ஆல்பத்தை அங்கேதான் முடித்தோம். குங்காவின் டிரம்ஸை அவன் வாசித்தபடியே வைத்து, மற்றவற்றோடு ஒட்டாத இரண்டு பாட்டுகளைக் கடையில் மறுபடி வாசிக்கச் சொல்லி, குறைந்த மைக்குகளில் பதிந்தாள். ஒன்றில் லாரியின் ஹாரன் இருக்கிறது. அவள் அதைத் துடைக்க அரை நாள் முயன்றாள், பிறகு விட்டுவிட்டாள். விட்டதில் அவளுக்கு இன்னும் வருத்தம்தான். கேட்கும்போது அந்த இடத்தில் உதட்டைக் கடிப்பாள். மூன்றாவது பாட்டுக்கு டிரம்ஸ் ஜிர்சாங்புயி என்று போட்டிருக்கிறது.

எங்கள் சாலையில் சமதளம் என்று கொஞ்சதூரம்தான் உண்டு. சக்கர நாற்காலியில் அவள் ஒரு பக்கம் மருந்துக்கடை வரை போகலாம், இன்னொரு பக்கம் பேருந்து நிற்கும் வளைவு வரை. அதற்கு மேல் இரண்டு பக்கமும் ஏற்றம். காலையில் மருந்துக்கடை வரை போய் வருவாள், சாயங்காலம் வளைவு வரை. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அந்த வளைவில் அவளைப் பார்ப்பேன், வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்பாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்பேன்.

"இவ்வளவுதான், திங்கா," என்பாள். "திரும்பப் போறேன்."